கோடு தயங்காமல் வர: புதிதாக வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வரையத் தொடங்கியவர்களின் நோட்டைப் புரட்டினால், ஒரே விளிம்பில் ஏழெட்டுக் குட்டிக் கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். கை நடுங்குகிறது, நமக்கு ஓவியம் வராது என்று பலர் இந்த இடத்திலேயே முடிவுகட்டி விடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். கோடு எங்கே போய் முடிய வேண்டும் என்று தீர்மானிக்கும் முன்பே பென்சில் தாளில் இறங்கிவிடுகிறது. கீறல்கள் வருவது அதனால்தான்.

தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி, முடியும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நுனி தாளில் படாமல் அந்த வழியிலேயே கையை இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் அதே வேகத்தில், ஒரே வீச்சில் இழுத்துவிடுங்கள். கண் முடிவுப் புள்ளியில் இருக்கட்டும். நுனியையே பார்த்தபடி மெதுவாக இழுத்தால், போகிற வழியெல்லாம் திருத்திக்கொண்டே போவோம்; ஒவ்வொரு திருத்தமும் ஒரு நெளிவாகத் தாளில் பதியும். கோடு புள்ளியைத் தாண்டிப் போனாலும் முதலில் பரவாயில்லை. புள்ளியைத் தொட்ட நெளிந்த கோட்டைவிட, கொஞ்சம் தள்ளிப்போன நேரான கோடே மேல். குறி பழகப் பழகத் தானாக அமையும். தவறிய கோட்டின்மேல் இன்னொன்றை மட்டும் இழுக்காதீர்கள்.

மணிக்கட்டைத் தாளில் அழுத்தி ஊன்றிக்கொள்வது அடுத்த தவறு. மணிக்கட்டு ஒரு அச்சு. அதைச் சுற்றிக் கை திரும்பினால் நேர்கோடும் வில்லாக வளையும். நீளமான கோட்டுக்குத் தோளிலிருந்து கையை அசைக்க வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் தோளிலிருந்தே வரைய வேண்டும் என்றும் இல்லை. கண்ணிமை, எழுத்து போன்ற சின்ன வேலைக்கு மணிக்கட்டே போதும். தாளை மேசையில் தட்டையாகப் போட்டு வரைந்தால் அதன் தூரப் பகுதி கண்ணுக்குச் சுருங்கித் தெரியும், உருவம் நீண்டுவிடும். பரீட்சை அட்டையை மடியில் வைத்து மேசை விளிம்பில் சாய்த்துக்கொண்டால் சரியாகிவிடும்.

பயிற்சியின்போது ரப்பரை ஒதுக்கிவிட்டுப் பேனாவில் வரையுங்கள். அழிக்க முடியாது என்று தெரிந்தால்தான் கோட்டுக்கு முன்பு யோசிப்போம். சாதாரண பால்பாயின்ட் பேனாவும் ஒரு பக்கம் அச்சான ஏ4 தாளும் போதும்.

வட்டத்துக்கும் இதே முறைதான். இத்தாலிய ஓவியர் ஜியோத்தோவைப் பற்றி ஒரு கதை உண்டு. திறமைக்குச் சான்று கேட்டு வந்த போப்பின் தூதரிடம், முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக் கையை ஒரு சுழற்று சுழற்றி, சிவப்பு வண்ணத்தில் ஒரு முழு வட்டத்தைப் போட்டுக் கொடுத்தாராம். எதை அச்சாக வைத்துச் சுற்றுவது என்பதைத் தாளைத் தொடும் முன்பே முடிவு செய்துவிட்டார். நீங்களும் காற்றில் சுழற்றிப் பார்த்துவிட்டு, நிறுத்தாமல் இரண்டு சுற்று வரையுங்கள். இரண்டு முனைகளைச் சேர்த்து ஒட்டவைக்க முயன்றால் அந்த இடம் எப்போதும் கூராகிவிடும்.

ஆனால் அதிகம் தடுக்கி விழுவது நீள்வட்டத்தில்தான். அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் மாடல் டிராயிங்குக்கு (எதிரே வைத்த பொருளைப் பார்த்து வரைவது) படிப்பவர்களும் இதில் திணறுவார்கள். டம்ளரின் வாயை மாவிலை போல இரு முனையும் கூராக வரைவார்கள். அடிப்பக்கத்துக்கு ஒரு நேர்கோடு போடுவார்கள். நீள்வட்டத்தில் எங்கும் கூர் கிடையாது, ஓரங்களிலும் வளைந்தேதான் திரும்பும். ஒரு டம்ளரைக் கையில் எடுத்துப் பாருங்கள். வாய் சரியாகக் கண் மட்டத்துக்கு வந்தால் அது வெறும் கோடாகத் தெரியும். கீழே இறக்க இறக்க விரியும். மேசையில் இருக்கும் டம்ளரில் அடிவட்டம் வாய்வட்டத்தைவிடக் கண்ணுக்குக் கீழே இருக்கிறது. அதனால் அகலத்தோடு ஒப்பிட்டால் அதுதான் அதிகம் விரிந்திருக்க வேண்டும். டம்ளர் சாய்ந்து கிடந்தால் நீள்வட்டத்தின் குறுகிய அச்சு, அதாவது அதைக் குறுக்கே பாதியாக வெட்டும் சின்ன நடுக்கோடு, வாயின் நடுவிலிருந்து அடியின் நடுவுக்குப் போகும் டம்ளரின் நடு அச்சோடு ஒரே கோட்டில் வரும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் குடம், சக்கரம், மிருதங்கம் எல்லாமே நேராகிவிடும்.

எதையோ நினைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் கோடு இழுப்பதால் பயன் கிடையாது. பத்துப் பதினைந்து நிமிடம் கவனத்தோடு செய்துவிட்டு, கை இளகியிருக்கும்போதே ஒரு நிஜப் பொருளை வரையுங்கள். பிரஷர் குக்கரில் தொடங்கலாம்: உடல், மூடி, வெயிட் எல்லாமே உருளையும் நீள்வட்டமும்தான், கைப்பிடி ஒரு நீண்ட பெட்டி.