முகத்துவாரத்தில் நேற்றைய பாதை இன்றைக்கு உதவாது

போன வாரம் கடலூர் பக்கம் தாழங்குடா கரையில் உட்கார்ந்திருந்தேன். சின்ன ஃபைபர் படகில் இரண்டு பையன்கள் பெண்ணையாறு கடலில் விழும் முகத்துவாரத்துக்குள் நுழைந்தார்கள். அமரத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், இருந்தவன் தண்ணீரைப் பார்க்கவில்லை, கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வயிறு கலங்கியது. நான் அடித்த அதே கூத்து.

லைஃப் ஜாக்கெட், டீசல் அளவெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அதை விடுங்கள். முகத்துவாரத்தில் நாம் செய்யும் தப்புகளைச் சொல்கிறேன்.

சேமித்து வைத்த பாதையை நம்புவது

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, பெண்ணையாறு கரைபுரண்டு வந்து கடலில் விழுந்தது. அதன் பிறகு இரண்டு மாதம் நான் கடலூர் துறைமுகம் வழியாகவே போய் வந்தேன். பிப்ரவரியில், பௌர்ணமிக்கு மறுநாள் மதியம், சீக்கிரம் வீடு போகலாமே என்று தாழங்குடா பக்கம் படகைத் திருப்பினேன். போனில் அக்டோபரில் பதிந்து வைத்த பாதை இருந்தது. அன்று கடல் அமைதி. மணல் திட்டின்மேல் அலை உடைவதுகூடத் தெரியவில்லை. போனில் தெரிந்த பாதைக் கோட்டைப் பிடித்தபடி போனேன். அடியில் 'சர்ர்' என்று ஒரு சத்தம், படகு நின்றுவிட்டது.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் கத்தினார்: "ஏம்பா, எதிர்ல கொக்கு நிக்கிறது கண்ணுக்குத் தெரியல?"

நின்றது. இருபதடி தூரத்தில், கணுக்கால் தண்ணீரில்.

அப்போதாவது இறங்கிப் பின்னால் தள்ளியிருக்க வேண்டும். நான் இன்ஜினை முறுக்கினேன். படகு இன்னும் ஏறி உட்கார்ந்தது, இன்ஜினிலிருந்து விசிறிக்குப் போகும் ஷாஃப்ட் வளைந்தது. நம் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற வற்றம், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவது, சுமார் ஒரு மீட்டர். வற்றத்தின் நடு இரண்டு மணி நேரத்தில்தான் அதில் பாதி இறங்கும். அதாவது பத்து நிமிஷத்துக்கு நாலு சென்டிமீட்டர். நான் இன்ஜினோடு மல்லுக்கட்டிய நேரத்தில் படகு மிதக்கத் தேவையான தண்ணீர் போயே போய்விட்டது. மறுபடி மிதக்கச் சாயங்காலம் ஆனது. ஷாஃப்டுக்கு 9,000 ரூபாய். ஐஸ் கரைந்து கெட்ட மீன் கணக்கு தனி.

இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருவது செலவுக்காக இல்லை. மணல் நகரும் என்று எனக்குத் தெரியும். வருஷத்தில் பெரும்பாலான மாதம் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் திசை மாறுகிறது. புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகக் கற்சுவர் வந்த பிறகு தெற்கே மணல் சேர்ந்ததும், வடக்கே கடற்கரை அரித்துப் போனதும் இதே ஓட்டத்தால்தான். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் மணல் வாயை மூடப் பார்க்கும். வெள்ளம் வந்தால் புது வழியை வெட்டும். இதெல்லாம் தெரிந்தும் போனை நம்பினேன்.

இப்போது செய்வது இதுதான். முகத்துவாரத்துக்கு வெளியே படகை நிறுத்திப் பத்து நிமிஷம் பார்ப்பேன். இரண்டு பக்கமும் நுரைத்து, நடுவில் அலை உடையாமல் வழுவழுப்பாக நாக்கு மாதிரி தெரிகிற தண்ணீர்தான் பெரும்பாலும் ஆழம். கடல் அமைதியாக இருந்தால் அதுவும் தெரியாது. அப்போது ஒருவன் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், மூங்கில் கழியோடு நிற்க வேண்டும். கழி இடுப்பளவு இறங்கினால் போகலாம். முழங்கால் அளவு என்றால் திரும்பு.

வற்றத்தில் உள்ளே வருவது

முடிந்தவரை ஏற்றத்தில் வாருங்கள். தரை தட்டினாலும் தண்ணீரே தூக்கிவிடும். வற்றத்தில் வெளியே பாயும் ஆறும் எதிரே வரும் அலையும் முட்டும்போது, சின்ன அலைகூடச் செங்குத்தாக எழும்பும்.

நடு வாயில் திரும்புவது

அலை அடிக்கும்போது பயந்துபோய்ப் பாதியில் படகைத் திருப்பாதீர்கள். பக்கவாட்டில் ஒரு அலை போதும்.

நங்கூரத்தை அமரத்தில் கட்டுவது

கட்டாதீர்கள். அணியத்தில்தான்.

அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள்? தட்டினார்கள். பெரியவர் வேலையை நான் பார்த்தேன், கரையிலிருந்து கத்தினேன். நல்ல வேளை, அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தான்.