போலந்து நாவலில் பெயர்களைத் தாண்டிப் போகாதீர்கள்

2019 அக்டோபரில் போலந்து எழுத்தாளர் ஓல்கா டோகார்ச்சுக்குக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது (2018-க்கு உரிய பரிசு அது). அப்போது என் நண்பர்கள் சிலர் போலந்து நாவல்களைத் தேடி வாங்கினார்கள். பாதிப் பேர் ஐம்பதாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், "பெயரே வாயில நுழையலையே" என்றார்கள். நானும் முதலில் பெயர்களைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தாண்டிக்கொண்டுதான் படித்தேன். பாதிக் கதை அந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது என்பது பிறகுதான் பிடிபட்டது. போலந்துப் புனைகதையை மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் செய்யும் தவறுகளில் பலவற்றுக்கு வேர் இங்கேதான்.

ஒலியைப் பழகப் பத்து நிமிடம் போதும். போலிஷில் டபிள்யூ எழுத்து 'வ'. குறுக்கே கோடு போட்ட எல் எழுத்துக்குத்தான் நாம் ஆங்கில டபிள்யூவுக்குத் தரும் ஒலி. ஜே எழுத்து 'ய'. எஸ், இசட் சேர்ந்தால் 'ஷ'. சி, இசட் சேர்ந்தால் 'ச்ச'. அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். இதைத் தெரிந்துகொண்டு வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தால், கீழே வரும் நாவல்களின் பாத்திரங்களான யானினா துஷெய்கோவும் ஷிமெக் பியெட்ருஷ்காவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

அடுத்தது செல்லப்பெயர். அலெக்ஸாந்த்ராவை வீட்டில் ஓலா என்பார்கள். யான் என்பவர் யானெக் ஆவார், சிறு பையனாக இருந்தால் யாஷ். இவர்களை வெவ்வேறு ஆட்கள் என்று எண்ணிக் குழம்பாதீர்கள். யார், எப்போது, எந்த வடிவத்தில் கூப்பிடுகிறார் என்று கவனித்தால் நெருக்கமும் கோபமும் வெளியே தெரியும். தெரியாதவரை போலிஷில் 'பான்', 'பானி' என்று மரியாதையாகத்தான் விளிப்பார்கள். 'தி' (நீ) என்று சொல்ல ஓர் உரிமை வேண்டும். ஆங்கிலத்தில் எல்லாமே 'யூ' ஆகிவிடுகிறது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும்போது 'நீ'யா 'நீங்களா' என்பதை மொழிபெயர்ப்பாளர் ஊகித்தாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. போலிஷில் இறந்தகால வினையே பேசுபவர் ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். 'போனேன்' என்பது தமிழில் காட்டாது, ஆங்கிலத்திலும் காட்டாது. கதை சொல்பவர் யார் என்று நாம் சில பக்கங்கள் தடுமாறும் இடத்தில் போலந்து வாசகருக்கு முதல் வரியிலேயே விடை கிடைத்திருக்கும். அந்தத் தடுமாற்றத்தை ஆசிரியர் வைத்த புதிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி ஊர்ப்பெயர். இதில்தான் நான் அதிகம் தவறவிட்டேன். போலந்து என்றதும் என்றென்றைக்கும் போலிஷ் பேசிய ஒரே மண்ணை மனதில் வரைந்துகொள்கிறோம். வரைபடம் அப்படி இல்லை. 1795 முதல் 1918 வரை ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டுக்கொண்டதில் போலந்து என்ற நாடே இல்லை. 1945-இல் எல்லைகள் மேற்கே நகர்ந்தன. கிழக்கே லுவூவ் நகரம் சோவியத்துக்குப் போனது. இன்று அது உக்ரைனின் லிவிவ். மேற்கே ஜெர்மானியரின் ப்ரெஸ்லாவ், வ்ரொட்ஸ்வாஃப் ஆனது. அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கே ஊரை இழந்த போலந்துக்காரர்கள் பலர் வந்து அந்த வீடுகளில் குடியேறினார்கள். அடுப்பும் தட்டும் அலமாரியும் வேறு யாருடையவையோ. தோட்டத்தைத் தோண்டினால் ஜெர்மன் எழுத்துள்ள பொருள்கள் வரும்.

டோகார்ச்சுக் பல நாவல்களை வ்ரொட்ஸ்வாஃபைச் சுற்றியுள்ள இந்தக் கீழ்ச் சிலேசியா பகுதியில்தான் வைத்திருக்கிறார். 'எம்பூசியம்' 1913-இல், கெர்பர்ஸ்டோர்ஃப் என்னும் காசநோய் மருத்துவ ஊரில் நடக்கிறது. இன்று அதன் பெயர் சொகொவோஃப்ஸ்கோ. இந்தச் செய்தி தெரியாமல் படித்தால் பேய்க்கதையின் மர்மம் மட்டும் மிஞ்சும். தெரிந்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் முந்தைய குடித்தனக்காரர் ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வு பக்கத்துக்குப் பக்கம் கூடவே வரும். 'யாக்கூப்பின் நூல்கள்' அதைவிடத் தூரம் போகிறது. 18-ஆம் நூற்றாண்டில் தன்னை மீட்பர் என்று சொல்லிக்கொண்ட யாக்கூப் ஃப்ராங்க்கின் கதை அது. கதை தொடங்கும் ரொஹாத்தின் இன்று உக்ரைனில் இருக்கிறது. அங்கே யூதர், போலந்துக்காரர், ருத்தேனியர் (இன்றைய உக்ரைனியரின் முன்னோர்), ஆர்மீனியர் எல்லோரும் ஒரே சந்தையில் நிற்கிறார்கள். போலந்து ஒரே இனத்தின் தூய நாடு என்று நம்புகிறவர்களை இது உறுத்தியது. 2015-இல் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், போலந்து தன் சிறுபான்மையினரை ஒடுக்கியதையும் மறைக்கக் கூடாது என்று பேசியதற்காக ஆசிரியருக்கு மிரட்டல்கள் வந்தன. ஊர்ப்பெயர் வரும்போது நிறுத்தி, அதன் பழைய பெயரைத் தேடிப் பாருங்கள். நான் ஒரு பென்சிலும் வரைபடமும் இல்லாமல் இந்த நாவல்களைத் திறப்பதில்லை.

ஆண்டைப் பார்க்காமல் படிப்பது வேறொரு தவறு. டோகார்ச்சுக்கின் 'ஃப்ளைட்ஸ்' ஆங்கிலத்தில் 2017-இல் வந்தது. பிரெக்ஸிட்டும் அகதிகள் விவாதமும் சூடாக இருந்த நேரம் என்பதால், அவற்றுக்கான பதில் என்றே படிக்கத் தோன்றும். மூலம் 2007-இல் வந்தது. போலந்து 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து, எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியில் நுழைந்து எல்லைச் சாவடிகளைத் திறந்த ஆண்டும் 2007-தான். புதிதாகக் கதவு திறந்த நாட்டின் புத்தகம் அது. வியெஸ்வாஃப் மிஷ்லிஃப்ஸ்கியின் 'கல்லின் மேல் கல்' 1984-இல் வந்து, ஆங்கிலத்துக்கு 2010-இல்தான் போனது. பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்ட அரை நிமிடம் ஆகும்.

அதே பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயரும் இருக்கும். அதையும் படியுங்கள். 'ஃப்ளைட்ஸ்' 2018-இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு பெற்றபோது, 50,000 பவுண்டில் சரிபாதி மொழிபெயர்ப்பாளர் ஜெனிஃபர் கிராஃப்டுக்குப் போனது. அட்டையில் பெயர் போடாமல் இனி மொழிபெயர்ப்பதில்லை என்று 2021-இல் அவர் வெளிப்படையாகவே அறிவித்தார். எனக்கு அது முழு நியாயமாகப் படுகிறது. அந்த நாவலின் போலிஷ் தலைப்பு 'பியெகுனி'. ஓயாமல் நகர்ந்துகொண்டே இருந்தால் தீமை அண்டாது என்று நம்பிய ரஷ்ய மதப் பிரிவினரின் பெயர் அது. ஆங்கிலத் தலைப்பில் விமானமும் தப்பி ஓடுதலும் ஒலிக்கின்றன, அந்தப் பிரிவினர் மறைந்துவிடுகிறார்கள். இழப்பு என்று சொல்லலாம். தேர்ந்து செய்த வேலை என்றும் சொல்லலாம். எப்படியானாலும் அது கிராஃப்டின் முடிவு, நாம் படிப்பது அதைத்தான்.

ஆண்டோனியா லாய்ட்-ஜோன்ஸ் மொழிபெயர்த்த டோகார்ச்சுக்கின் 'இறந்தவர்களின் எலும்புகள் மீது உன் கலப்பையை ஓட்டு' இதற்கு இன்னும் நல்ல சான்று. அதில் கதை சொல்லும் யானினாவும் அவள் நண்பன் டிஸியும் வில்லியம் ப்ளேக்கின் கவிதையைப் போலிஷுக்குக் கொண்டுவர உட்காருகிறார்கள். ஒரே பகுதிக்குப் பல வடிவங்கள் எழுதிப் பார்க்கிறார்கள். இதை ஆங்கிலத்தில் எப்படித் தருவது? ப்ளேக் எழுதியதே ஆங்கிலம். அந்தப் போலிஷ் வடிவங்களுக்கு ஈடாக ஆங்கிலத்திலேயே புதுப்புது வடிவங்களை லாய்ட்-ஜோன்ஸ் எழுத வேண்டியிருந்தது. யானினா 'விலங்குகள்', 'கோபம்' போன்ற சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்குகிறாள். தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. தமிழில் செய்பவர் வேறு வழி தேட வேண்டியதுதான். அக்கம்பக்கத்தாருக்கு அவளே பெயர் வைக்கிறாள்: பெரும்பாதம், நற்செய்தி, கருங்கோட்டு. பதிவேட்டில் உள்ள பெயர் ஆளுக்குப் பொருந்துவதில்லை என்பது அவள் கட்சி. அந்தப் பெயர்களைத் தாண்டிப் போனால் அவளையே தாண்டிப் போகிறோம்.

சின்ன எச்சரிக்கை: தொரோத்தா மஸ்வோஃப்ஸ்காவின் 2002 நாவல் பிரிட்டனில் 'ஒயிட் அண்ட் ரெட்', அமெரிக்காவில் 'ஸ்னோ ஒயிட் அண்ட் ரஷ்யன் ரெட்'. இரண்டும் ஒரே புத்தகம்தான், இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.

எல்லாவற்றிலும் போரையும் கம்யூனிசத்தையும் சாம்பல் வானத்தையும் தேடுவதும் வேண்டாம். 'கல்லின் மேல் கல்'லில் ஷிமெக் தன் குடும்பத்துக்குக் கல்லறை கட்டுகிறான். சிமெண்டுக்கு அலைவதில் தொடங்கி நடனம், சண்டை, காதல், நிலம் என்று பேசிக்கொண்டே போகிறான். போர் அதில் உண்டு. ஆனால் சிரிக்க வைக்கும் பக்கங்களும் நிறைய. இருளை மட்டும் எதிர்பார்த்துப் போனால் அந்தச் சிரிப்பு காதில் விழாது.

நோபல் பெற்றவரின் பெரிய நூலிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. 'யாக்கூப்பின் நூல்கள்' 900 பக்கங்களுக்கு மேல். எபிரேய நூல்களை நினைவூட்டும் விதமாகப் பக்க எண்கள் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குகின்றன. அது அச்சுப்பிழை இல்லை. முதல் புத்தகமாக நான் கொடுப்பது 1998-இல் வந்த அவரது 'பகல் வீடு, இரவு வீடு'. அதில் பீட்டர் டீட்டர் என்ற வயதான ஜெர்மானியர் தான் பிறந்த ஊரைப் பார்க்க வருகிறார். மலையேறி, எல்லைக்கல்லின் மீதே இறந்துபோகிறார், ஒரு கால் போலந்தில், ஒரு கால் செக் நாட்டில். செக் காவலர்கள் உடலைப் போலந்துப் பக்கம் நகர்த்துகிறார்கள். போலந்துக் காவலர்கள் திரும்பவும் செக் பக்கம் நகர்த்துகிறார்கள்.