எதிர் சீட்டுக்காரரை வரைவது எப்படி?

பஸ்ஸிலோ ரயிலிலோ வரைய ஏ6 அளவு நோட்டு போதும். 105-க்கு 148 மில்லிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கும். ஏதோ கணக்கு எழுதுகிறோம் என்று நினைத்து யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பேனா சாதாரண பால்பாயிண்ட். பென்சில் வேண்டாம் என்பேன். ரப்பர் இருந்தால் வண்டி குலுங்கும்போதெல்லாம் அழிக்கத் தோன்றும், அதற்குள் ஆள் இறங்கிவிடுவார்.

யாரை வரையலாம்? போனில் மூழ்கியவர்களை. நம்மைப் போன்றவர்களுக்கு அவர்கள் ஒரு வரம்: குனிந்த கழுத்து, விலாவோடு ஒட்டிய முழங்கை, அசைவே கிடையாது. தூங்குகிறவர்களும் பரவாயில்லை. தலை சரியும், திடுக்கென்று நிமிரும், கொஞ்சம் பொறுத்தால் பழைய இடத்துக்கே வந்து சரியும்.

முகத்தில் ஆரம்பிக்காதீர்கள். உச்சந்தலையிலிருந்து முதுகு, மடி, முட்டி, பாதம் என்று ஒரே இழுப்பில் போட்டுவிடுங்கள். அடுத்த ஸ்டாப்பில் அவர் எழுந்து போனாலும் தாளில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அப்புறம் தலை. உச்சிக்கும் தாடைக்கும் சரிபாதியில்தான் கண். அதை மேலே ஏற்றிவிட்டால் நெற்றி காணாமல் போகும். குனிந்த தலையில் கண், மூக்கைவிடக் காது மேலேறித் தெரியும். உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால் தாடையிலிருந்து பாதி நெற்றி வரை வரும். ஆகவே கையைப் பெரிதாகவே போடுங்கள்.

கோடு இருக்கட்டும், எனக்குப் பிடித்த வேலை பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுவது. ஒருமுறை எதிரில் ஒருவர் பெரிய எக்ஸ்ரே கவரை மடியில் நிறுத்திப் பிடித்திருந்தார். மடங்கிவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும். ‘யாருடைய எக்ஸ்ரே?’ என்று ஓரத்தில் எழுதினேன். விடை தேடி மறுபடி பார்த்தபோதுதான் கட்டைவிரல் தெரிந்தது: கவரின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தது. அந்த விரல்தான் படமே. ‘கவலையான மனிதர்’ என்று முடிவு கட்டியிருந்தால், அவரிடம் இல்லாத தொங்கிய புருவத்தை என் பேனா போட்டிருக்கும். கேள்விக்குறியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாதியில் இறங்கிவிட்டாரா? மீதியை ஞாபகத்திலிருந்து போடுங்கள். 1860-களில் மூன்றாம் வகுப்பு ரயில் பயணிகளைத் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் ஓனோரே டோமியே பெரும்பாலும் ஞாபகத்திலிருந்தே வரைந்தவர்.

ஒளிந்து வரைவது எனக்குச் சரிப்படாது. வாக்கர் எவன்ஸ் என்ற புகைப்படக்காரர் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் கேமராவை மறைத்துப் படமெடுத்தார். அருமையான படங்கள்தான், ஆனால் எதிரில் இருந்தவர்களுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வழியே இல்லை. நோட்டு வெளியே தெரியட்டும். ஒருவர் நெளிந்தால் மூடிவிட்டு ஜன்னலைப் பாருங்கள். குழந்தைகள் என்றால் கூட இருக்கும் பெரியவர் தலையாட்டிய பிறகுதான்.

பார்த்துவிட்டால் சிரித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டுங்கள். ‘மூக்கு இவ்வளவு பெரிசா?’ என்பார்கள். கேட்டால் தாளைக் கிழித்துக் கொடுத்துவிடுவேன், அதற்கு முன் அந்தப் படத்தை மட்டும் போனில் ஒரு கிளிக்.