தீத்திரை தரையைத் தொடும் வரை அது வெறும் துணிதான்

மேசை மேல் ஒரு சாண் அளவு சாம்பல் நிறத் துணியை விரிப்பார்கள். லைட்டரைப் பற்றவைத்து அடியில் காட்டுவார்கள். துணி லேசாகக் கறுக்கும், ஆனால் பற்றாது. பார்க்கிறவர் அசந்துபோவார். தீ வந்தால் மேலிருந்து இறங்கி வாசலை அடைக்கும் தீத்திரையை (ஃபயர் கர்ட்டன்) வாங்கும்போது செய்கிற முதல் தவறு பெரும்பாலும் அந்த மேசையிலேயே நடந்துவிடுகிறது. லைட்டருக்குப் பற்றாத துணி என்பது வேறு, ஒரு மணி நேரம் தீயை அடுத்த பக்கம் விடாத அடைப்பு என்பது வேறு.

தீத்திரை என்பது துணி மட்டுமில்லை. வாசலுக்கு மேலே ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் ரோலர், ரோலரில் சுற்றிய கண்ணாடி இழைத் துணி, இரண்டு ஓரமும் அந்தத் துணியைப் பிடித்து நிறுத்தும் சைடு கைடு, அடியில் கனமான பாட்டம் பார், இவற்றை ஆட்டிவைக்க ஒரு மோட்டாரும் கன்ட்ரோல் பேனலும். உலையில் வைத்துச் சோதிப்பது இந்த மொத்த செட்டைத்தான். ஐஎஸ்ஓ 834 என்ற சோதனை முறையில் உலையின் வெப்பம் 5 நிமிடத்தில் 576 டிகிரி செல்சியஸைத் தொடும், 30 நிமிடத்தில் 842, ஒரு மணி நேரத்தில் 945. வழக்கமான கண்ணாடி இழை ஏறக்குறைய 850 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். அரை மணிக்கு மேல் திரை கிழியாமல் தொங்குவதில் பெரும்பங்கு துணியோடு சேர்த்து நெய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிக்கு. லைட்டர் வித்தையில் இந்தக் கம்பிக்கு வேலையே இல்லை. அதனால் துணிக்கு மட்டும் சான்றிதழ் நீட்டினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். மோட்டார், பெட்டி, கைடு, திரையின் அகலம், உயரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். சோதித்ததைவிட அகலமாக வேண்டுமென்றால், “இன்னும் ஒரு மீட்டர்தானே” என்று துணியை நீட்டித் தைத்து மாட்ட முடியாது. அதற்கும் சேர்த்து மதிப்பிட்ட ஆவணம் இருக்க வேண்டும்.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம், பெயர் ஒற்றுமை. ஜன்னலுக்குப் போடும் ‘தீப்பிடிக்காத’ திரைச்சீலை, சின்னச் சுடரில் பற்றிக்கொள்ளாமல் இருக்க மருந்து ஏற்றிய துணி, அவ்வளவுதான். புகைத்திரை என்பது கூரையை ஒட்டிப் பரவும் புகையை ஒரு பகுதிக்குள் நிறுத்தத் தொங்கவிடுவது. ஐரோப்பிய ஈஎன் 12101-1 தரத்தில் ‘டி’ வகைப் புகைத்திரைக்கு 600 டிகிரியில்தான் சோதனை. மேலே சொன்ன உலை அந்த 600-ஐ ஆறு நிமிடத்துக்குள் தாண்டிப் போய்விடும். புகைத்திரையைக் கொண்டுவந்து தீக்கதவு இருக்க வேண்டிய இடத்தில் மாட்டியதை நானே பார்த்திருக்கிறேன். பெட்டியும் துணியும் அச்சாக ஒரே மாதிரி. மாட்டியவரைக் கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதான் சார், லேபிள்தான் வேற” என்றார். அந்த லேபிளைப் படிக்கத்தான் நான் போயிருந்தேன். தலைகீழாகவும் ஏமாறலாம்: தீயை நிறுத்தும் திரை புகையையும் நிறுத்தும் என்று நினைப்பது. ஓரங்களில் இருக்கும் மெல்லிய இடைவெளி வழியாகப் புகை கசியும். புகைக் கசிவுக்குத் தனிச் சோதனை உண்டு, தனிக் குறியீடும் உண்டு. அது எழுதப்படவில்லை என்றால் அந்தக் குணம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தீ வராது, சூடு வரும்

அதிகம் பேர் சறுக்குகிற இடம் இது. ஐரோப்பிய வகைப்பாட்டில் ஈ, ஈடபிள்யூ, ஈஐ என்று மூன்று குறி இருக்கின்றன. ‘ஈ’ என்றால் சுடரும் சூடான வாயுவும் மறுபக்கம் வராது, அவ்வளவே. திரையே தணல் மாதிரி சிவந்து நின்றாலும் ‘ஈ’ சோதனையில் தேறிவிடும். ‘ஈடபிள்யூ’ என்றால் திரையிலிருந்து 1 மீட்டர் தள்ளி அளக்கும் வெப்பக் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 15 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. ‘ஈஐ’ என்றால் மறுபக்கத்துப் பரப்பின் வெப்பமே சராசரியாக 140 டிகிரிக்கு மேல் உயரக் கூடாது, எந்த ஒரு புள்ளியிலும் 180-க்கு மேல் உயரக் கூடாது.

இந்த 15 கிலோவாட்டை ‘பாதுகாப்பான அளவு’ என்று படித்துவிடுகிறார்கள். துணியில்லாத தோல் கொஞ்ச நேரமாவது தாங்கக்கூடியது சுமார் 2.5 கிலோவாட்தான். பக்கத்தில் ஒரு தீப்பொறி இருந்தால் மரம் 12.5 கிலோவாட்டிலேயே பற்றிக்கொள்ளும் என்பது தீப் பாதுகாப்புப் பொறியாளர்கள் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அளவு. அதாவது ‘ஈடபிள்யூ’ சோதனையில் நன்றாகவே தேறிய திரைக்குப் பக்கத்தில் மர அலமாரி இருந்தால், தீ திரையைத் தாண்டாமலே அலமாரிக்குத் தாவலாம். மனிதர்கள் அந்தப் பக்கமாக நடந்து வெளியேற வேண்டிய வழி என்றால் கேட்கவே வேண்டாம். ‘60 நிமிடத் திரை’ என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி, “எந்த 60?” ஈ 60-உம் ஈஐ 60-உம் ஒன்றல்ல. விலையிலும் கனத்திலும்கூட ஒன்றல்ல. ஈஐ அளவுக்கு வெப்பத்தைத் தடுக்கச் சாதாரண ஒற்றைத் துணி போதாது. பல அடுக்கோ, நனைக்கத் தண்ணீரோ தேவைப்படும். தண்ணீரை நம்பிய திரை என்றால் தண்ணீர்க் குழாயும் அந்தச் செட்டில் சேர்த்தி.

துணி என்பதால் அது நிலையாகவும் நிற்காது. தீப்பக்கத்துக் காற்றழுத்தத்தில் பாய்மரம் மாதிரி வயிறு தள்ளும். எவ்வளவு தள்ளும் என்பது சோதனை அறிக்கையில் இருக்கும். கதவு திறந்து மூட இடம் விடுவது போல, இந்தத் தொப்பைக்கும் சேர்த்து இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும். வரைபடத்தில் திரை ஒரு நேர்க்கோடாகத்தான் இருக்கிறது, அதனால் யாருக்கும் இது தோன்றுவதில்லை.

அமெரிக்காவின் யூஎல் 10டி சோதனையில் தேறிய திரைகளை வாங்குகிறவர்கள் கவனிக்க இன்னொன்று. அங்கே தீக்கதவுகளுக்கு, சூட்டோடு சூடாகக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் ஒரு கட்டம் வழக்கமாக உண்டு. 10டி-யில் அது கிடையாது. ‘தீக்கதவுக்குப் பதில் இதைப் போட்டுக்கொள்ளலாம்’ என்று அதற்கு அர்த்தமும் இல்லை. எந்த வாசலில் இதை ஏற்பார்கள் என்று அனுமதி தருகிறவரிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் ஆர்டரே.

இறங்கும் வழியில் என்ன இருக்கிறது?

1903 டிசம்பர் 30. சிகாகோவின் இரோகுவா அரங்கம், பகல் காட்சி. மேடை விளக்கிலிருந்து தீப்பொறி துணியில் பற்றியதும் ஆஸ்பெஸ்டாஸ் தீத்திரையை இறக்கினார்கள். அது முழுசாக இறங்கவில்லை, மேடையோர விளக்கமைப்பில் சிக்கிப் பாதியில் நின்றுவிட்டது. பூட்டிய கதவுகள், தடுமாற வைத்த வெளியேறும் வழிகள் என்று வேறு பல குற்றங்களும் சேர்ந்து 602 பேர் இறந்தார்கள். ‘தீப்பிடிக்காத’ அரங்கம் என்று விளம்பரம் செய்திருந்த கட்டடம் அது.

நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் திரைகள் இப்படியேதான் சிக்குகின்றன. விளக்குக்குப் பதிலாக இப்போது சோபா, பூந்தொட்டி, விளம்பரப் பலகை, நகலெடுக்கும் இயந்திரம். ஒரு முறை சோதனைக்கு நின்றிருந்தபோது திரை மெல்லிய ரீங்காரத்தோடு அழகாக இறங்கி வந்தது. வரவேற்பறை சோபாவின் முதுகில் பாட்டம் பார் வந்து உட்கார்ந்தது. மேலே துணி மடிப்பு மடிப்பாகக் குவிந்தது, கீழே இரண்டரை அடிக்கு அந்தப் பக்கம் நின்றவரின் செருப்பு தெரிந்தது. பேனலில் பச்சை விளக்கு. இயந்திரத்தைப் பொறுத்தவரை அது தன் வேலையை முடித்துவிட்டது. சோபாவை யார் போட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை, தெரியாதுதான், வழக்கமாகத் தெரியாது. தரையில் மஞ்சள் கோடு போட்டு ‘இங்கே பொருள் வைக்காதீர்’ என்று எழுதுவது அசிங்கமாக இருக்கிறது என்று கட்டடக் கலைஞர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். தரைக் கல்லிலேயே நிறம் மாற்றி ஒரு பட்டை பதித்துக்கொடுத்தால் அவர்களுக்கும் மனம் ஆறும்.

மேலேயும் சிக்கும். ஃபால்ஸ் சீலிங் வேலை பெரும்பாலும் திரை மாட்டிய பிறகுதான் நடக்கிறது. சீலிங் போடுகிறவருக்கு, திரை இறங்க விட்டிருக்கும் நீண்ட பிளவு ஒரு குறையாகத் தெரியும். பட்டி பார்த்து, சமமாக்கி, வெள்ளையடித்து முடித்துவிடுவார். அப்படி ஒரு இடத்தில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். பாட்டம் பாருக்கும் சீலிங் விளிம்புக்கும் நடுவே இருந்த இடைவெளியில் பெயின்ட் பாலேடு மாதிரி படிந்திருந்தது. நகத்தால் கீறினால் உரிந்து வந்தது. இறங்கும் திரையின் எடையே அதைப் பிய்த்திருக்குமா என்றால், ஒருவேளை பிய்த்திருக்கும். அந்த ‘ஒருவேளை’க்காகவா இவ்வளவு செலவு? பெட்டியைத் திறந்து பழுது பார்க்க ஒரு மூடி வேண்டும் என்பதையும் சீலிங்காரரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் நின்றுபோகும் நாளில் சீலிங்கை உடைக்க வேண்டியிருக்கும்.

கைடு மாட்டும் சுவர் விஷயம் சுருக்கமானது. 60 நிமிடத் திரையை 30 நிமிடம்கூடத் தாங்காத தடுப்பில் திருகினால் அது 30 நிமிடத் திரைகூட இல்லை. பிளாஸ்டிக் பிளக் வைத்துத் திருகினால் பிளக் உருகி, திரையும் கைடும் ஒன்றாகக் கழன்று வரும். சோதனை அறிக்கையில் எந்தச் சுவர், எந்த ஆங்கர் என்று இருக்கிறதோ அதுவே.

கரன்ட் போனால் இறங்குகிறதே!

புகார்களில் இதுதான் முதலிடம். நல்ல திரைகள் பல, தம் எடையாலேயே இறங்கும்படி அமைந்தவை. மின்சாரம் அவற்றை மேலே பிடித்து வைத்திருக்கிறது. கரன்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கிப் பிடிக்கும், பேட்டரியும் தீர்ந்தால் திரை தடதடவென்று விழாமல் கட்டுப்பாடாக இறங்கும். ஆக, ஒவ்வொரு மின்தடைக்கும் உடனே இறங்குகிறது என்றால் திரையில் கோளாறில்லை, பேட்டரி செத்துவிட்டது. இது புரியாமல் பாட்டம் பாரைக் கம்பியால் கட்டிவைப்பதையும், அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுப்பதையும் ‘தற்காலிக ஏற்பாடு’ என்பார்கள். அந்தக் கட்டைக்கு வயது பார்த்தால் இரண்டு வருஷம் இருக்கும். இறங்கவே மின்சாரம் தேவைப்படும் வகைத் திரையில் ஆபத்து நேர்மாறானது. பேட்டரி செத்தது வெளியே தெரியவே தெரியாது. திரை மேலேயே சமர்த்தாக இருக்கும், தீ வந்த பிறகும்.

ஆட்கள் தப்பிப் போகும் ஒரே வழியில் திரையைப் போடுவது இன்னொரு பெரிய பிழை. கதவைத் தள்ளத் தெரிந்தவனுக்கு, எதிரே சுவர் போல நிற்கும் துணியை என்ன செய்வதென்று தெரியாது. சில திரைகளில் பட்டனை அழுத்தினால் கொஞ்ச நேரம் மேலே ஏறி வழிவிட்டு மறுபடி இறங்கும். புகையில் அந்தப் பட்டனைக் கண்டுபிடிக்க வேண்டும், குழந்தைக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் அது எட்ட வேண்டும். பக்கத்திலேயே ஒரு சாதாரண தீக்கதவு இருந்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. அகலமான திறப்புக்குத் திரை, மனிதர்களுக்குக் கதவு என்று பிரித்துக்கொள்வதே என் விருப்பம்.

சோதிப்பது என்றால் சாவியைத் திருப்பி இறக்கி ஏற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது மோட்டார் சுற்றுகிறது என்பதை மட்டும் காட்டும். புகை டிடெக்டரிலிருந்து சிக்னல் வந்து இறங்குகிறதா, மெயின் கரன்ட்டையும் பேட்டரியையும் பிரித்தால் இறங்குகிறதா என்று இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். தீக்கதவுகளுக்கான அமெரிக்க என்எஃப்பிஏ 80 விதி வருடத்துக்கு ஒரு முறையாவது சோதனையும், பதிவேடுகளை மூன்று வருடம் வைத்திருப்பதையும் கேட்கிறது. சுருள்கதவுகளை அது இரண்டு முறை இறக்கச் சொல்கிறது: முதல் முறை இறங்குகிறதா என்று பார்க்க, இரண்டாம் முறை, முதல் சோதனைக்குப் பின் சரியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்களா என்று பார்க்க. திரைக்கும் அதே பழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். சோதனை முடிந்து பேட்டரி வயரை மறுபடி செருக மறந்துவிட்டுப் போவது நடக்காத கதையல்ல.

இரண்டாம் முறை இறங்கியதும் உடனே ஏற்றிவிடாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, அந்தப் பக்கம் ஒருவரைத் தரையோடு டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து பாருங்கள். தரையில் கல் மாற்றியிருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் கார்ப்பெட் போட்டிருந்தாலோ பாட்டம் பாருக்கு அடியில் வெளிச்சம் கோடாகத் தெரியும். கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சாக்பீஸால் குறி வைத்து, போட்டோ எடுத்து, பதிவேட்டில் ஒட்டிவிட்டுத் திரையை ஏற்றுங்கள்.