நோய்த்தொற்றுக் காலத்தில் ஆட்டங்களை ரத்து செய்வதா, தள்ளிவைப்பதா: ரசிகர்களும் விழாக்குழுவும் கூடிப் பேசும் முறை

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என நம் கடலோர ஊர்களில் கால்பந்துத் தொடர் நடத்துகிறவர்கள் பதிவுக் கட்டணம், நடுவர், மின்விளக்கு, பரிசுத்தொகை ஆகிய அனைத்துக்கும் விதி எழுதிவைக்கிறார்கள். தொடர் பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது ஐரோப்பாவின் பெரிய லீக்குகள் (ஆண்டுதோறும் நடக்கும் புள்ளி முறைத் தொடர்கள்) பலவும் இதே நிலையில்தான் மாட்டிக்கொண்டன. அப்போது ரசிகர்களிடையே எழுந்த சண்டைகளைக் கவனித்தவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும்: விதி இல்லாத இடத்தில் புள்ளிப்பட்டியல்தான் பேசும். அதைத் தவிர்ப்பதற்கான வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நடக்கலாமா என்பது உடல்நலத்தைச் சேர்ந்த கேள்வி. நடக்காவிட்டால் கோப்பை யாருக்கு, மீதப் பணம் யாருக்கு என்பது நியாயத்தைச் சேர்ந்த கேள்வி. இவ்விரண்டையும் ஒரே கூட்டத்தில், ஒரே மூச்சில் பேசினால், தன் அணி முதலிடத்தில் இருக்கிறவர் நோயைச் சிறிதாக்கிப் பேசுவார். கடைசி இடத்தில் இருக்கிறவர் அதைப் பெரிதாக்கிப் பேசுவார். இருவரும் பொய் சொல்ல வேண்டும் என்று நினைப்பதில்லை. விருப்பம் அவர்களை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2020 மார்ச் 13 அன்று நிறுத்தப்பட்டபோது லிவர்பூல் 25 புள்ளி முன்னிலையில் இருந்தது. பட்டத்தை உறுதி செய்ய இன்னும் இரண்டு வெற்றி போதும். முப்பது ஆண்டுகள் காத்திருந்த அவ்வணியின் ரசிகர்கள் மீதி ஆட்டங்கள் நடக்க வேண்டும் என்றதும், எதிரணி ரசிகர்கள் பலர் அந்தப் பருவத்தையே செல்லாததாக்க வேண்டும் என்றதும் அவரவர் இருந்த இடத்திலிருந்து பிறந்த வாதங்களே. நம் ஊர்த் தேநீர்க்கடைகளில் இரவு ஆட்டம் பார்க்கிற இளைஞர்களும் அதே இரண்டு கட்சிகளாகத்தான் பிரிந்து நின்றார்கள்.

உடல்நலக் கேள்விக்கு விடை சொல்ல ரசிகர்களின் வாக்கெடுப்பு வேண்டாம். அரசின் தடை உத்தரவு வந்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. உத்தரவு வருவதற்கு முந்தைய சில நாட்கள்தாம் கடினமானவை. அப்போது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ நேரில் கேட்டு, அவர் சொல்வதைக் குழுவின் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். காத்திருந்து பார்க்கலாம் என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு, 2020 பிப்ரவரி 19 அன்று மிலான் நகரில் இத்தாலியின் பெர்காமோ நகர அணியான அட்டலாண்டாவும் ஸ்பெயினின் வலென்சியாவும் மோதிய ஆட்டத்தை நினைவில் கொள்ள வேண்டும். பெர்காமோவிலிருந்து சுமார் 40,000 ரசிகர்கள் அதற்குச் சென்றார்கள். சில வாரங்களில் இத்தாலியிலேயே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்றாகப் பெர்காமோ மாறியது. பரவலுக்கு அந்த ஒரே ஆட்டம்தான் காரணம் என்று சொல்வது சரியாகாது, ஆனால் பரவலை விரைவுபடுத்தியவற்றில் அதுவும் ஒன்று என்று அங்குள்ள மருத்துவர்கள் பலர் கருதினார்கள். அன்று ஆட்டத்தைத் தடுக்க எந்த உத்தரவும் இல்லை.

கூட்டத்தில் தவறாமல் எழும் ஒரு வாதம் உண்டு: நம் திடல் கடற்காற்று வீசுகிற திறந்தவெளி, இங்கே என்ன வந்துவிடும் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மூச்சுவழிப் பரவும் நோய்கள் மூடிய அறையைவிடத் திறந்தவெளியில் குறைவாகவே பரவுகின்றன. ஆகவே இந்த வாதத்தைச் சொல்பவரை அதட்டி உட்காரவைக்காமல், ஆட்ட நாளை முழுவதுமாக அவரோடு சேர்ந்து நடந்து பாருங்கள். தொண்டியிலிருந்து வருகிற அணி ஒரு குட்டியானை வண்டியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வருகிறது. திடலைச் சுற்றிக் கட்டிய கயிற்றை ஒட்டிச் சிறுவர்கள் மணலில் உட்கார, அவர்கள் முதுகில் முழங்கால் படும்படி அடுத்த வரிசை நிற்க, அதன் பின்னால் இன்னொரு வரிசை எட்டிப் பார்த்துக் கத்துகிறது. இடைவேளையில் ஒரே தண்ணீர்க் கேன், அதன்மேல் கவிழ்த்த ஒரே டம்ளர்; கோல்கீப்பர் கையுறையைக் கழற்றாமலே வாங்கிக் குடித்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டுகிறார். கடற்காற்று பந்து உருள்கிற இடத்தில் மட்டும்தான் உதவுகிறது, மற்ற இடங்களில் நெருக்கம்தான் இருக்கிறது என்பதை அவரே சொல்லிவிடுவார்.

இன்னொரு வாதம், மீன் ஏலம் விடுகிற இடத்தில் கூட்டம் கூடவில்லையா, அங்கே தடுக்காமல் இங்கே மட்டும் தடுப்பானேன் என்பது. இதற்கு என் பதில் நேரானது. மீன் விற்காவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. ஆட்டம் நடக்காவிட்டால் மனம் வாடும், ஆனால் ஆட்டம் காத்திருக்கும். வேறு வழியின்றி ஏற்கிற ஆபத்தைக் காட்டி, தவிர்க்கக்கூடிய ஆபத்தை நியாயப்படுத்தக் கூடாது.

ரசிகர் இல்லாமல் ஆட்டத்தை நடத்திவிடலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில் வேண்டும். 2020 மார்ச் 14 அன்று கோவாவில் சென்னையின் எஃப்சி தோற்ற ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதியாட்டம் ரசிகர்கள் இன்றியே நடந்தது. ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பன்டஸ்லிகா மே 16 அன்று காலி அரங்கங்களில் மீண்டும் தொடங்கியது. ஆனால் அங்கே பூட்டக்கூடிய வாயில்களும், ஆட்டக்காரர்களுக்குத் தொடர்ந்து பரிசோதனை செய்யப் பணமும் இருந்தன. நான்கு பக்கமும் திறந்து கிடக்கிற நம் திடலில், பந்துச் சத்தம் கேட்டால் ஊர் கூடிவிடும். கூட்டத்தைத் தடுக்க நம்மால் முடியுமா என்று குழு தன்னையே கேட்டு, முடியாது என்றால் இந்த வழியை அப்போதே விட்டுவிட வேண்டும்.

இனி நியாயக் கேள்வி. உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. இதைத் தொடர் தொடங்குவதற்கு முன்பே, எந்த அணிக்கும் ஒரு புள்ளிகூட இல்லாத நாளில் முடிவு செய்ய வேண்டும். அன்றைக்கு எந்த விதி யாருக்கு லாபம் என்று எவருக்கும் தெரியாது. 2020இல் ஒவ்வொரு நாடும் பட்டியலைப் பார்த்தபிறகு முடிவெடுத்ததால்தான் வழக்குகள் குவிந்தன. நெதர்லாந்தில் அயாக்ஸ், ஏஇசட் அணிகள் இரண்டும் முதலிடத்தில் 56 புள்ளியில் சமமாக நின்ற நிலையில் சாம்பியன் இல்லை, கீழிறக்கம் (கடைசி இடத்து அணிகளைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்புவது) இல்லை, மேலேற்றமும் இல்லை என்று முடித்தார்கள். இரண்டாம் நிலை லீக்கில் முதலிடத்தில் இருந்த கம்பூர் அணி உழைப்பெல்லாம் வீணாகி அதே நிலையில் நின்றது. பிரான்சில் முதலிடத்தில் இருந்த பிஎஸ்ஜி (பாரிஸ் செயின்ட் ஜெர்மைன்) அணிக்குப் பட்டம் தந்து, ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்ற சராசரிக் கணக்கில் அமியான், துலூஸ் அணிகளைக் கீழிறக்கினார்கள். ஸ்காட்லாந்தில் எட்டு ஆட்டம் மீதமிருக்க, கடைசி இடத்தில் நான்கு புள்ளி மட்டுமே பின்தங்கியிருந்த ஹார்ட்ஸ் அணி கீழே தள்ளப்பட்டது. மூன்று முறைகளிலும் யாரோ ஒருவர் நொந்தார். நோவு இல்லாத விதி கிடையாது. முன்பே ஒப்புக்கொண்ட விதியால் வருகிற நோவைத் தாங்கிக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

சராசரிக் கணக்கு பார்ப்பதற்கு நேர்மையாகத் தோன்றும், ஆகவே அதைச் சற்று நின்று ஆராயுங்கள். ஓர் அணி 4 ஆட்டத்தில் 8 புள்ளி, இன்னோர் அணி 5 ஆட்டத்தில் 9 புள்ளி என்றால், முதல் அணிக்குச் சராசரி 2, இரண்டாவதற்கு 1.8. முதல் அணி மேலே போகிறது. ஆனால் அந்த அணி இன்னும் மோதாத எதிரணிதான் தொடரிலேயே வலுவானது என்றால்? ஏறத்தாழ எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதி முடித்த நிலையில் மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். நம் தொடர்களில் பெரும்பாலானவை தோற்ற அணி உடனே வெளியேறும் நாக்-அவுட் முறையில் நடப்பதால் அங்கே சராசரிக்கு இடமே இல்லை. அரையிறுதிக்கு வந்தவர்கள் நால்வரும் சமம் என்பதே சரி.

நம் நாட்டுத் தேசியக் கால்பந்து லீக்குகளில் ஒன்றான ஐ-லீக்கின் முடிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2020 மார்ச் 10 அன்றே, நான்கு சுற்று மீதமிருக்கும்போது, மோகன் பகான் யாரும் எட்ட முடியாத புள்ளியைப் பெற்றுவிட்டது. எஞ்சிய ஆட்டங்கள் ரத்தானபோது அவ்வணிக்குப் பட்டம் கொடுத்து, கீழிறக்கத்தைக் கைவிட்டு, மீதப் பரிசுத்தொகையை மற்ற அணிகளுக்குச் சமமாகப் பகிர்ந்தார்கள். களத்தில் முடிந்துபோனதை மதிப்பது, முடியாததை எவர் தலையிலும் சுமத்தாமல் விடுவது என்ற இந்த முறை நம் ஊருக்கும் பொருந்தும். அதை ஒட்டி அழைப்பு நோட்டீஸிலேயே இப்படி ஒரு விதியை அச்சிடலாம்:

“நோய்த்தொற்று, புயல், அரசு உத்தரவு ஆகிய காரணங்களால் தொடர் நின்றுபோனால், 90 நாட்களுக்குள் அதே அணிகளோடு தொடரலாம். முடியாத பட்சத்தில், மற்ற அணிகள் எட்ட முடியாத புள்ளியைப் பெற்ற அணி இருந்தால் மட்டுமே கோப்பை வழங்கப்படும். இல்லையெனில் கோப்பை வழங்கப்படாது. பரிசுத்தொகை, களத்தில் எஞ்சிய அணிகளுக்குச் சமமாகப் பிரிக்கப்படும். ஒரு ஆட்டம்கூட ஆடாத அணிக்குப் பதிவுக் கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.”

நாள் எண்ணிக்கையை ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் நாட்காட்டியைப் பார்க்காமல் எழுதாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள். அதைத் தாண்டித் தள்ளிவைத்தால் மண்டபம், பாம்பன் அணிகளில் பாதிப்பேர் கடலில் இருப்பார்கள். ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து திடலில் தண்ணீர் நிற்கும். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னதாக வருவதால் அதையும் அந்தந்த ஆண்டுக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர் தள்ளிவைத்த நாளில் இருக்கமாட்டார். அவருக்குப் பதிலாக அணி ஒருவரைப் புதிதாகப் பதிவு செய்யலாம் என்ற சலுகையையும் விதியில் சேர்த்துவிட்டால் பின்னால் வரும் சண்டை பாதி குறையும்.

கூட்டம் நடத்தும்போது, பேச எழுகிறவர் தாம் எந்த அணியின் ஆதரவாளர், தொடருக்கு நன்கொடை தந்தவரா என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பேசட்டும். நடுவர்களையும் தவறாமல் அழையுங்கள். ஒரே நாளில் மூன்று ஆட்டங்களுக்கு ஓடுகிற அவர்களுடைய கருத்தை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. வாட்ஸ்அப் குழுவில் முடிவெடுக்க வேண்டாம். அங்கே குரல்பதிவு அனுப்புகிறவர்கள் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் அனுப்பிவிடுகிறார்கள். கூடுவதே ஆபத்து என்ற நிலை வந்துவிட்டால், அணிக்கு ஒருவர் வீதம் மாநாட்டு அழைப்பில் பேசி முடித்து, முடிவை மட்டும் குழுவில் போடுங்கள்.

அறிவிப்பில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: எந்த ஆலோசனையின் பேரில் நிறுத்தினோம், எந்த விதியின்படி கணக்கை முடிக்கிறோம், பணம் எந்தத் தேதியில் திரும்பும். பள்ளிவாசல், தேவாலயம், கோயில் ஒலிபெருக்கிகளில் அறிவிக்கச் சொல்லி ஜமாஅத்தார், பங்குத்தந்தை, ஊர்த் தலைவர் ஆகியோரிடம் ஒரே வாசகத்தை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் தள்ளிவைப்பு என்றது ரத்தாகவும், ரத்து என்றது தள்ளிவைப்பாகவும் மாறிப் போய்ச் சேரும். விளக்கு, ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுத்த முன்பணம் திரும்பாவிட்டால் அந்த இழப்பு குழுவுடையது, அணிகளின் கட்டணத்தில் அதைக் கழிக்கக் கூடாது. கணக்கு முடிந்ததும் வரவு செலவை எழுதி, எல்லா அணித்தலைவர்களிடமும் கையொப்பம் வாங்கி, ஒரு பிரதியைத் திடலின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.