போர்ட்லண்ட் ஜப்பானியத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரின் மேற்குக் குன்றில் ஒரு ஜப்பானியத் தோட்டம் இருக்கிறது. முன்பு அது மிருகக்காட்சிசாலை இருந்த இடம். 1963இல் பேராசிரியர் தகுமா தோனோ வரைந்த திட்டப்படி வேலை தொடங்கி, 1967இல் மக்களுக்குத் திறந்தார்கள். ஊரிலிருந்து வந்த உறவினர்களோடு போய், ஒரு மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள்தான் அதிகம். அங்கே விழாவும் தேநீரும் வழிபாடும் நடக்கின்றன என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

முதலில், குளத்தோரம் இருக்கும் ஐந்தடுக்குக் கல் கோபுரத்தைப் பார்க்காமல் கடந்துவிடாதீர்கள். ஜப்பானின் சப்போரோ நகரம் கொடுத்த பரிசு அது. அதன் அடியில் கற்களை ஹொக்கைடோ தீவின் வடிவில் பதித்திருக்கிறார்கள். சப்போரோ இருக்குமிடத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கல். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், இதே போர்ட்லண்டில்தான் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களைக் கால்நடைக் கண்காட்சிக் கொட்டகையில் அடைத்து, பிறகு தொலைதூர முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 1959இல், இரண்டு நகரங்களும் சகோதர நகரங்கள் ஆயின. இது தெரிந்தபின் அந்தச் சிவப்புக் கல்லைச் சும்மா தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை.

எல்லாவற்றையும் 'ஜென் தோட்டம்' என்று சொல்வது இன்னொரு தவறு. தோனோ ஐந்து வகைத் தோட்டங்களை அமைத்தார். குளத்தைச் சுற்றி நடப்பது ஒன்று, தேநீர்க் குடிலுக்குப் போகும் வழி இன்னொன்று. ஜென் தோட்டம் என்றதும் பலர் நினைக்கிற, மணலும் கல்லும் மட்டும் உள்ளது ஒன்றே ஒன்றுதான். அங்கே உயரமாக நிற்கும் கல்தான் புத்தர், சுற்றியுள்ள சிறு கற்கள் பசியில் வாடும் புலிக்குட்டிகள் என்று விளக்கம் சொல்வார்கள். புத்தர் ஒரு முற்பிறவியில் தன் உடலையே புலிக்கு இரையாகக் கொடுத்த கதை அது; அவருடைய முற்பிறவிக் கதைகளை ஜாதகக் கதைகள் என்பார்கள். இந்தியாவில் பிறந்த கதை அவ்வளவு தூரம் போய், போர்ட்லண்டில் கல்லாக நிற்கிறது!

அப்புறம், வேகமாக நடக்காதீர்கள். தேநீர்க் குடிலுக்குப் போகும் வழியில் கற்களை வேண்டுமென்றே ஏற்ற இறக்கமாகப் பதித்திருப்பார்கள். கால் வைக்கும் இடத்தைக் கவனிக்கச் செய்வதற்காகத்தான் அது. வழியில் அகலமான கல் வந்தால் நின்று தலை தூக்கிப் பாருங்கள், அங்கே பார்க்க ஏதாவது இருக்கும். கறுப்புக் கயிற்றால் பொட்டலம்போல் கட்டிய சிறு கல்லை எங்காவது கண்டால் அதைத் தாண்டக் கூடாது, எடுத்துப் பார்க்கவும் கூடாது. அதன் பெயர் செகிமோரி இஷி. 'இந்தப் பக்கம் வழி இல்லை' என்று பொருள். பலகையும் இல்லை, கம்பிவேலியும் இல்லை. ஒரு கல்லே போதும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நாம் காப்பாற்ற வேண்டாமா? பாசியும் அப்படித்தான். படத்துக்காக ஒரு காலை அதன்மேல் வைத்தால்கூடத் தழும்பு விழும், ஆற நாளாகும்.

தேநீர்ச் சடங்கை நாடகம்போல் பார்த்துப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். கிண்ணம் உங்கள் கைக்கு வந்தால் முதலில் இனிப்பைச் சாப்பிட்டுவிடுங்கள். கிண்ணத்தின் அழகான முகப்பை உங்கள் பக்கமாக வைத்துத் தருவார்கள். அந்த முகப்பில் வாய் வைக்காமல் சற்றுத் திருப்பிக் குடிப்பதுதான் மரியாதை. அன்றைக்குச் சென்ட் வேண்டாம், தேநீரின் மணத்தை அது அமுக்கிவிடும்.

விழாக்களுக்குப் போகிறவர்கள் எந்த விழா என்று தெரிந்துகொண்டு போங்கள். மே மாதக் குழந்தைகள் தினத்தில் துணி மீன்கள் காற்றில் பறக்கும், பிள்ளைகள் சத்தம் போடலாம். ஜூலையில் தனபாதா என்னும் நட்சத்திர விழா. காகிதத்தில் ஆசையை எழுதி மூங்கிலில் கட்டலாம், அடுத்தவர் எழுதியதை உரக்கப் படிக்காதீர்கள். ஆகஸ்டில் வரும் ஓபோன் இறந்தவர்களை நினைக்கும் நாள். அன்று விளக்குகளைத் தண்ணீரில் மிதக்கவிடுகிறவர்களின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள்.

இலையுதிர்காலத்தில் நிலா பார்க்கும் விழாவும் உண்டு. மழைக்குப் பேர்போன ஊர், அதனால் மேகம் மூடிவிட்டது என்று பாதியில் எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். போகாதீர்கள். மேகத்தில் மறைந்த நிலவுக்கு ஜப்பானிய மொழியில் முகெட்சு என்று பெயர், மழையில் மறைந்ததற்கு உகெட்சு. தெரியாத நிலவையும் பெயர் சொல்லிக் காத்திருந்து பார்க்கிறவர்களின் விழா அது.