டயர் முதலில், இறக்குவது கடைசியில்: டெல்டா சாலையிலும் ட்ராக்கிலும் ஓடுகிற காருக்குச் செய்யக்கூடாதவை

வாரம் முழுக்கக் கும்பகோணம், மன்னார்குடி என்று ஓட்டுகிற அதே காரை எடுத்துக்கொண்டு எப்போதாவது கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கோ போய் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கிற ஆட்கள் இப்போது நம் பக்கமும் இருக்கிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் கையில் காசு சேர்ந்ததும் முதலில் ஸ்பிரிங்கில் போய் நிற்கிறார்கள், குட்டையான ஸ்பிரிங் போட்டு வண்டியின் உயரத்தை இறக்கிவிட்டு (லோயரிங்), அதற்கப்புறம் மிச்சக் காசில் டயர் தேடுகிறார்கள். இந்த வரிசைதான் முதல் தவறு. ரோட்டைத் தொடுவது டயர் மட்டும்தான், எனவே டயர் முதலில், அப்புறம் ஷாக் அப்சார்பர், இரண்டும் சரியாக அமைந்து ட்ராக்கில் ஓட்டியும் பார்த்த பிறகு தேவை என்று தோன்றினால் கொஞ்சம் இறக்கலாம். கொஞ்சம் என்றால் 20, 25 மி.மீ. அவ்வளவுதான்.

ஏன் அவ்வளவுதான் என்பதை வேகத்தடையை வைத்தே கணக்குப் போடலாம். சாலைகளுக்கு அளவு வகுக்கிற இந்தியச் சாலை காங்கிரஸ் சொல்கிற அளவுப்படி போட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. 2.45 மீட்டர் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைத்தூரம்) உள்ள ஒரு ஹேட்ச்பேக் அதைக் கடக்கும்போது நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும், நடுவில் மேடு எழும்புவது நாலரை செ.மீ. கூட வராது. 160 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள வண்டியை 40 இறக்கினால்கூட அதில் தட்டாது. ஆனால் நம் ஊர்களில் பள்ளிக்கூட வாசலிலும் கோயில் திருப்பத்திலும் கிடப்பது அந்த மாதிரி மேடா? அகலம் ஒரு மீட்டர்கூட இருக்காது, உயரம் மட்டும் 12, 13 செ.மீ. இருக்கும், வெள்ளைக் கோடும் கிடையாது. முன் சக்கரம் இறங்கியிருக்கும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, முழு உயரமும் வண்டியின் வயிற்றுக்குக் கீழே நிற்கும். 40 மி.மீ. இறக்கிய வண்டியில் மிச்சம் 120, அதில் நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் இன்னும் 20, 30 போய்விடும். அடிபடுவது ஆயில் சேம்பர். ஆயில் ஒழுகுவதைக் கவனிக்காமல் திருச்சி வரை ஓட்டினால் இன்ஜினே போய்விடும்.

இன்னொன்று இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் எழுதுகிற லோயரிங் ஆலோசனையில் இது வராது. சம்பா அறுத்த பிறகு ரோட்டில் வைக்கோல் கிடக்கும், அப்புறம் உளுந்தும் எள்ளும் செடியோடு பரப்பியிருக்கும், வண்டிகள் ஏறிப் போனால் காய் உடையும் என்பதற்காக. சாதாரண உயரத்தில் இருக்கிற காரிலேயே அந்தக் கொடி ட்ரைவ் ஷாஃப்டில் சுற்றிக்கொள்கிறது. இறக்கிய காரில் அது எக்ஸாஸ்ட் பைப்புக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் அண்டையில் போய் அடைந்துகொள்ளும், அந்த இடம் ஓடுகிறபோது நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கிறது, காய்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ள அதற்கு மேல் எதுவும் வேண்டாம். மாசி பங்குனியில் இறக்கிய வண்டியை வயல்பக்கச் சாலையில் ஓட்டினால் வீட்டுக்கு வந்ததும் குனிந்து அடியில் பார்த்து, சிக்கியதை எடுத்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, எப்படி இறக்குகிறார்கள் என்பதற்கு வருவோம். ஸ்பிரிங்கை வெட்டுவதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை. ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் மிச்சமிருப்பது ஆறில் ஐந்து பங்கு, அதனால் அது 20 சதவீதம் கெட்டியாகிவிடும். ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்கு அளந்து செய்தது, இந்தக் கெட்டியான ஸ்பிரிங் திருப்பி உதைக்கிற வேகத்தை அதனால் பிடிக்க முடியாது, வண்டி அலை அலையான ரோட்டில் துள்ளிக்கொண்டே போகும். நம் களிமண் பூமியில் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கேஸ் வைத்து வெட்டினால் இன்னும் மோசம், சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். எல்லாவற்றையும் விட, வெட்டிய முனை அதன் இருக்கையில் ஒழுங்காக உட்காராது. சக்கரம் தொங்குகிற நேரத்தில், அதாவது மேட்டைத் தாண்டி வண்டி லேசாக எழும்பும்போது, ஸ்பிரிங் தளர்ந்து விலகி, திரும்ப இறங்கும்போது கோணலாக உட்காரும். இதைச் செய்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

நல்ல கம்பெனியின் லோயரிங் ஸ்பிரிங் வாங்கிப் போட்டாலும், அதிகமாக இறக்கினால் ட்ராக்கில் வண்டி முன்னைவிட மோசமாகத்தான் திரும்பும். முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு, உள்ள கார்களில், நம் ஹேட்ச்பேக்குகள் எல்லாம் இந்த வகைதான், கீழே சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கி லேசாகச் சரிந்தோ மட்டமாகவோ இருக்க வேண்டும். வண்டியை இறக்க இறக்க ஆர்மின் சக்கர முனை மேலே போய்விடும். அப்போது ரோல் சென்டர், அதாவது திருப்பத்தில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது, இரண்டுக்கும் இடையே தூரம் கூடுகிறது, திருப்பத்தில் வண்டியைச் சாய்க்கிற விசையும் கூடுகிறது. சாய்வைக் குறைக்கத்தான் இறக்கினோம், இங்கே அது எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. கூடவே சஸ்பென்ஷன் நகர்வதற்கு மிச்சமிருக்கிற இடமும் குறைந்து, திருப்பத்தின் நடுவில் பம்ப் ஸ்டாப்பில், அதாவது அமுங்குவதற்கு எல்லையாக வைத்திருக்கிற ரப்பர் கட்டையில், போய் முட்டும். முட்டிய அந்த நொடியில் அந்தச் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், பிடி சட்டென்று விட்டுப்போகும்.

முட்டுகிறதா என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஷாக் அப்சார்பரின் பளபளப்பான ராடு வெளியே தெரிகிற வண்டியில் அதைச் சுற்றி ஒரு கேபிள் டையை இறுக்கமாக, ஆனால் தள்ளினால் நகர்கிற அளவுக்குக் கட்டி, ராடு உடலுக்குள் நுழைகிற இடத்தில் ஒட்டி வைத்துவிட்டு, நீங்கள் தினமும் போகிற வழியில் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். டை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறதோ அவ்வளவு அமுங்கியிருக்கிறது. அது பம்ப் ஸ்டாப் வரை ஏறியிருந்தால் வண்டி ஏற்கெனவே போதுமான அளவு தாழ்ந்துதான் இருக்கிறது, இனிமேல் இறக்க இடமில்லை.

இறக்கிய பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டக்கூடாது. ஹெட்லைட் மட்டமும் மாறியிருக்கும், அதையும் சரி செய்யச் சொல்லுங்கள். டயரின் உள்பக்கப் பட்டன் (ரோட்டைத் தொடுகிற ட்ரெட்) தேய்கிறது என்றால் எல்லாரும் கேம்பரை, அதாவது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருப்பதை, குறை சொல்கிறார்கள், ஆனால் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது, தப்பாக இருந்தால்தான் டயர் சீக்கிரமாகத் தின்னப்படும்.

இனி டயர். அளவு மாற்றும்போது மொத்த விட்டம் மாறக்கூடாது என்பது தெரிந்த சங்கதிதான், ஆனாலும் அகலத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ., பக்கச் சுவர் அதில் 65 சதவீதம், உள்ளே 15 அங்குல டிஸ்க் (ரிம்); அந்த டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ. அதற்குப் பதில் 195/55 ஆர்16 போட்டால் ஏறக்குறைய அதே 621 வரும். 205/45 ஆர்16 போட்டால் 591தான், ஸ்பீடோமீட்டர் நிஜத்தைவிட அதிகமாகக் காட்டும், வண்டி இன்னும் 15 மி.மீ. தாழும், பக்கச் சுவரும் 92 மி.மீ.க்கு இறங்கிவிடும். பள்ளத்தில் விழுந்தால் டிஸ்க் வளைவதற்கு அது போதும். டயர் தாங்குகிற எடையைச் சொல்கிற லோடு இண்டெக்ஸ் எண்ணையும் பாருங்கள். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். டயர் தயாரித்த வாரத்தைப் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கம் சொல்லும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். கடையில் நாள்பட்ட சரக்கைத் தள்ளுபடியில் கொடுத்தால் நெடுஞ்சாலைக்கே யோசிக்க வேண்டும், ட்ராக்குக்கு நிச்சயம் வேண்டாம், ரப்பர் இறுகியிருக்கும்.

பெரிய தவறு, ட்ராக்குக்கென்று வாங்கிய பட்டன் குறைந்த மென்மையான டயரிலேயே ஐப்பசி கார்த்திகையிலும் ஓட்டுவது. வடகிழக்குப் பருவமழையில் வாய்க்காலும் ரோடும் ஒரே மட்டத்தில் நிற்கிற ஊர் இது. தண்ணீரை வெளியே தள்ளுவது பட்டனில் உள்ள பள்ளம், அது குறைவாக இருந்தால் சக்கரம் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும், ஸ்டியரிங்கும் பிரேக்கும் அப்போது எதற்கும் உதவாது. சட்டம் 1.6 மி.மீ. பட்டன் போதும் என்கிறது, மழைக்காலத்துக்கு எனக்கு 3 மி.மீ.க்குக் கீழே மனம் ஒப்பாது. சீமைக் கருவேல முள்ளும் மென்மையான டயரைத்தான் முதலில் பதம் பார்க்கும், அதுவும் பக்கச் சுவரில் ஏறினால் பஞ்சர் ஒட்ட முடியாது. காசு இருந்தால் இரண்டு செட் டிஸ்க், இரண்டு செட் டயர். இல்லையென்றால் மழையில் நன்றாகப் பிடிக்கிற ஒரு நல்ல ரோடு டயரிலேயே ட்ராக்கும் ஓட்டுங்கள், ஓட்டக் கற்றுக்கொள்ள அது தாராளமாகப் போதும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது, 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நடக்கும் சேதத்துக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பணம் தராது. இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கடைசியாகக் காற்று. காலையில் குளிர்ந்த டயரில் 32 பிஎஸ்ஐ வைத்து ட்ராக்கில் இறங்கினால் சில சுற்றுகளில் 38, 40 வரை ஏறிவிடும், பிடி குறையும். எனவே ட்ராக்கை விட்டு வெளியே வந்த உடனே, ஆறுவதற்குள் அளந்து, கூடிய காற்றை இறக்குவார்கள். டயரின் தோளில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தால் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்பதிலிருந்து டயர் எவ்வளவு மடங்குகிறது என்று தெரியும். பட்டன் முடிகிற ஓரத்தையும் தாண்டிக் கோடு அழிந்திருந்தால் காற்று குறைவு. இதெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, மாலையில் அதே டயரோடு தஞ்சாவூருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். காற்றை இறக்கி, சூட்டில் 34 காட்டும்படி வைத்த டயர் ஆறியதும் 27, 28க்கு வந்துவிடும், அந்தக் காற்றில் சாமானும் ஆட்களுமாக 250 கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரத்தை வேகமாக ஓட்டினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கிற அளவுக்குப் போகலாம். சொந்தமாக ஒரு நல்ல கேஜும், சிகரெட் லைட்டரில் சொருகுகிற சின்ன கம்ப்ரஸரும் டிக்கியில் இருக்கட்டும். டயர் முழுக்க ஆறும் வரை காத்திருந்து, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் கம்பெனி சொல்கிற அளவுக்கு நான்கிலும் ஏற்றி, ஸ்டெப்னியையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.